பட்டியலில் இல்லாத பாபு

1. சிவப்பு மை

மழை விட்டு, சுகாதார நிலையத்தின் சுவர்கள் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் இருந்த துண்டில் இருமித் துப்பிய இரத்தம். நான் ரிஜிஸ்டரைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே, என் கையெழுத்தில், சிவப்பு மையால் 'காணவில்லை' என்று இருந்தது. அவர் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இன்னாக்கா, எண்ணூருக்குப் போனா லிஸ்ட்ல பேரு இல்லன்றாங்கோ. இங்க வந்தா காணோம்னு எழுதிவெச்சிகிற. அப்ப நான் எங்கதான் கீறேன்?"

நான் எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனேன்.

சடையங்குப்பம் பக்கம் ஒரு சின்ன சுகாதார நிலையம் அது. பத்தாவது படித்த எனக்கு ரிஜிஸ்டர் எழுதுவதும், காசநோய்க்காரர்கள் வாரம் மூன்று நாள் என் கண்முன்னே மாத்திரை விழுங்குவதைப் பார்ப்பதும் வேலை.

2. மூன்று நிலையம், ஒரு பட்டியல்

எங்கள் ஆட்கள் ஓரிடத்தில் நிற்பவர்கள் அல்ல. உப்பளத்தில் வேலை கிடைத்தால் எண்ணூர், ஹார்பரில் கிடைத்தால் ராயபுரம், வீட்டில் தண்ணீர் ஏறினால் மாமியார் வீடு. போன இடத்தில் மாத்திரை நின்றுவிடும். அதனால் எங்கள் டாக்டர், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இருந்த இரண்டு நிலையங்களோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தார். மூன்றில் எங்கே போனாலும் மாத்திரை கொடுக்க வேண்டும். மாதாமாதம் பெயர்ப் பட்டியல் மூன்று இடத்துக்கும் போகும். நல்ல ஏற்பாடுதான். எங்கள் பட்டியலை எழுதியது நான்.

அன்று பெஞ்சில் வந்து உட்கார்ந்தவரின் பெயரை, ரேஷன் கார்டைப் பார்த்து, 'சவரிமுத்து' என்று எழுதியிருந்தேன். அது கோயிலில் வைத்த பெயர். பெற்ற தாயிலிருந்து மேஸ்திரி வரை எல்லோருக்கும் அவர் பாபு. வெள்ளத்தில் நோயாளி அட்டை போய்விட, எண்ணூரில் மாமியார் வீட்டில் தங்கியவர், அங்கிருந்த நிலையத்துக்குப் போனார். பெயர் கேட்டார்கள். பாபு என்றார். திரும்பிப் போகச் சொன்னார்கள். இருமல் நின்றிருந்ததால் அவரும் பேசாமல் போய்விட்டார்.

நான் தேடாமல் இல்லை. முழங்கால் தண்ணீரில் அவர் தெருவுக்குப் போய், சவரிமுத்து வீடு எது என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்றாள். ஆள் எப்படி இருப்பார் என்று சொல்லி இன்னொருமுறை கேட்டிருக்கலாம். எனக்குக் கூச்சம். திரும்பி வந்து 'காணவில்லை' என்று எழுதிவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் விட்டுப்போனதால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் டாக்டர். எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் ஊசியும் உண்டு. பாபு எழுந்து ஊசி போடும் அறைக்குப் போனார்.

3. பென்சில்

மூன்று நிலையங்களும் சேர்ந்து நடத்திய அடுத்த கூட்டத்தில் எண்ணூர்ப் பட்டியலை வைத்திருந்த குமாரிடம் கேட்டேன். "லிஸ்ட்ல சவரிமுத்து, வந்தவரு பாபு. நான் இன்னா ஜோசியமாக்கா பாக்க முடியும்?" என்றான். தப்பு அவனுடையது அல்ல.

அன்றுதான் டாக்டர்கள் முன்னால் முதன்முறையாக வாயைத் திறந்தேன். வீட்டில் கூப்பிடும் பெயரையும் எழுத வேண்டும் என்றேன். தலைமை வகித்த அதிகாரி சிரித்தார். "பட்டப்பேரெல்லாம் கவர்மெண்ட் ரிஜிஸ்டர்ல எழுத முடியாதும்மா."

அதனால் பென்சிலால் எழுதினேன். குமாரும், திருவொற்றியூரில் பட்டியல் எழுதிய லலிதாவும் அப்படியே செய்தார்கள். சனிக்கிழமைதோறும் மூவரும் டீக்கடையில் உட்கார்ந்து ஒப்பிட்டோம். மொட்ட, ஒல்லி, பாபு மட்டும் ஏழு பேர். கடைக்காரர் எங்களை ஓட்டர் லிஸ்ட் ஆட்கள் என்று நினைத்தார். அலுப்பான வேலை. யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை. ஆனாலும் காணாமல் போனவர்களில் பலர் அந்த மேஜையில் கிடைத்தார்கள்.

பாபு எட்டு மாதமும் முடித்தார். சளியில் கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் ஊசியால் இடது காது கேட்காமல் போய்விட்டது. சிலருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. தெருவில் போய் விசாரிக்கும்போது, அப்படி யாரும் இல்லை என்று சொன்னால், வெட்கப்படாமல் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்.

இப்போதும் மார்க்கெட்டில் பாபுவைப் பார்த்தால், சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போய்த்தான் கூப்பிடுகிறேன்.