ராசிக்காரப் போர்மேன்

1. கையைப் பார்த்து வேலை

என்னை வேலைக்கு எடுத்தபோது முதலாளி என் சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"ராசியான கைன்னு சொன்னாக. நீங்க இருந்த ரெண்டு கம்பெனியிலயும் ஒரு ரூம் கூடப் போகலயாமே."

பட்டாசுத் தொழிலில் ரூம் போயிற்று என்றால் வெடித்துவிட்டது என்று பொருள். வெடித்தது என்று யாரும் வாயால் சொல்லமாட்டோம்.

"அது ராசி இல்ல முதலாளி, பயம்," என்றேன்.

"எதுவா இருந்தா என்ன, நாளைக்கே வந்துருங்க," என்று சிரித்தார்.

எனக்கு ராசி என்ற சொல்லே பிடிக்காது. முப்பத்தொரு வருஷம் போர்மேனாக இருந்தேன். ஓய்வு பெற்று விருதுநகரில் வீட்டோடு இருக்கிற இந்த நாளிலும் யாராவது என்னை ராசிக்காரர் என்றால் எரிச்சல் வருகிறது. எனக்கு ராசி இருந்திருந்தால் நிம்மதியாக ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பேனே. நாற்காலியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துவிட்டு, ஏதோ ரூமில் ரப்பர் விரிப்பு கிழிந்திருந்ததே என்று எழுந்து ஓடுவேன். திரும்பி வரும்போது சோறு விறைத்துப் போயிருக்கும். என் மனைவி இன்னும் சொல்கிறாள், "கல்யாணத்தன்னைக்கே மணவறையில கால ஆட்டிக்கிட்டு இருந்த ஆளு இது."

இளம் போர்மேன்கள் படிப்பதற்காக இதை எழுதச் சொன்னார்கள். நல்ல மனுஷன் என்று பெயர் வாங்க எழுதவில்லை. நான் செய்த நல்லதில் பாதி பதற்றத்தில் செய்தது.

2. கேட்டில் எண்ணியது

அந்தக் கம்பெனி ஆமத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. நாற்பத்தெட்டு ரூம். ரூமுக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. காலையில் உள்ளே போன தலைகள் எல்லாம் சாயங்காலம் வெளியே போகின்றனவா என்று எண்ணாமல் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வராது. ஐந்து மணிக்கு கேட்டில் நின்று விரல் மடக்கி எண்ணுவேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓர் அம்மா கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, பட்டிக்கு ஆடு அடைக்கிற மாதிரி எண்ணுறீக?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எண்ணுவதை மறைக்க, மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு வார்த்தை பேச ஆரம்பித்தேன். "இன்னிக்கு வந்தது ரொம்ப சந்தோசம் தாயி, பாத்துப் போங்க." அவ்வளவுதான். முதலில் கேட்டவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். கூலிக்கு வந்தவர்களிடம் வந்ததற்குச் சந்தோஷம் என்று எந்தப் போர்மேனும் சொன்னதில்லையாம். நான் சொன்னது பொய் இல்லை. எல்லோரும் முழுசாகத் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கால் ஆட்டம் நின்றது.

கேள்வி கேட்ட அந்த அம்மாவின் பெயர் பொன்னுத்தாய். ஆனைக்குட்டத்திலிருந்து வருவார். முப்பத்தொன்றாம் ரூமில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. புஸ்வாணத்தை நாங்கள் பூச்சட்டி என்போம். அந்த மருந்தில் அலுமினிய பவுடர் உண்டு. அது கை, கழுத்து, மூக்கு நுனி எங்கும் வெள்ளியாக ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் கேட்டில் அவர் என்னிடம், "பஸ்ல பக்கத்து சீட்டு காலியா இருந்தாலும் எங்கள உக்கார விடமாட்டேங்காக அண்ணாச்சி, ஒட்டிக்கிருமாம்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளியை நச்சரித்து ரூமுக்கு ஒரு சோப்பும் வாசல் பக்கம் இன்னொரு தண்ணீர்த் தொட்டியும் வாங்கினேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பெண்கள் என்னிடம் எதையும் சொல்ல ஆரம்பித்தார்கள். சில நாள் காது வலிக்கும் அளவுக்குச் சொன்னார்கள்.

3. பூ பார்த்தது

ஒரு சீசனில் வடக்கே போகிற பெரிய பூச்சட்டிக்கு ஆர்டர் வந்தது. எரியும்போது இரண்டு தடவை நிறம் மாறும். ஒவ்வொரு தடவை மருந்து கலக்கும்போதும் அதில் ஒன்றிரண்டைக் கம்பெனிக்குப் பின்னால் காட்டுக்குக் கொண்டுபோய் டெஸ்டிங் பார்ப்போம். நானும், மருந்து கலக்கும் முனியாண்டியும் மட்டும் போவோம்.

"அண்ணாச்சி, அது எப்படித்தான் பூக்கும்?" என்று பொன்னுத்தாய் கேட்டார்.

"ஏன், நீங்க அடச்சதுதானே?"

"அடச்சதுதான். அதுல ஒண்ணு வாங்க என் ஒரு நாள் கூலி பத்தாது. நான் எங்கிட்டுப் பாக்க?"

டெஸ்டிங்குக்கு ஆட்களைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஒழுங்கு கெடும் என்று முணுமுணுத்துக்கொண்டே அன்று வேலை முடிந்ததும் முப்பத்தொன்றாம் ரூம் ஆட்கள் நால்வரையும் கூட்டிப்போய்த் தள்ளி நிறுத்தினேன். முனியாண்டி பற்ற வைத்தான். வெள்ளையாக எழும்பி, பச்சையாகி, பிறகு தங்கமாகக் கொட்டியது. முப்பது வருஷமாக இதைப் பார்த்தவன் நான். எரிகிறதா, எத்தனை வினாடி, புகை எவ்வளவு என்று மட்டுமே பார்ப்பேன். அன்றைக்கு அந்த நால்வரும் வாயைத் திறந்தபடி நின்றதைப் பார்த்து நானும் நிமிர்ந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுவரை எனக்குத் தெரியாது.

அதோடு விட்டாரா அந்த அம்மா? தினம் ஒரு கேள்வி. பச்சை எதிலிருந்து வருகிறது? இன்றைக்கு மருந்து ஏன் கொஞ்சம் கறுத்திருக்கிறது? நேற்று வந்ததற்கும் இதற்கும் வாடை ஏன் வேறு? சில நாள் பதில் சொன்னேன். சில நாள், "ஏத்தா, ஆள விடு," என்று ஓடினேன். ஆனால் மருந்தை அந்த அம்மா அளவுக்கு அந்தக் கம்பெனியில் யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

4. மழை விட்ட பிறகு

தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி நேரம். மதியம் மூன்று மணி இருக்கும். திடீரென்று கறுத்து மின்னல் வெட்டியது. மின்னல் என்றால் போட்டது போட்டபடி எல்லோரும் ரூமை விட்டு வெளியேறிச் சாப்பாட்டு ஷெட்டுக்குப் போய்விட வேண்டும். போனார்கள். முக்கால் மணி நேரம் மழை அடித்தது. கேட்டில் லாரி நின்றது. அன்றைக்கு லோடு ஏறாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று முதலாளியே குடையோடு வந்து நின்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மழை விட்டதும் நான்தான் முதலில் கத்தினேன். "எல்லாரும் ரூமுக்குப் போங்க. வெரசா."

முப்பத்தொன்றாம் ரூம் வாசலில் மற்ற மூவரும் பின்னால் நிற்க, பொன்னுத்தாய் உள்ளே போகாமல் நின்றார்.

"அண்ணாச்சி, மூத்திர வாட அடிக்கிது."

மற்றவர்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

"மழைக்கு ஆடு கீடு ஒதுங்கியிருக்கும். உள்ள போங்க தாயி, லாரி நிக்குது."

"ஆட்டு வாட எனக்குத் தெரியாதா? ஆட்டுக்குள்ளதான் வளந்தேன். இது வேற."

வேறு யாராக இருந்தாலும் அதட்டி அனுப்பியிருப்பேன். அந்த அம்மா சொன்னதால் நின்றேன். வாசலில் முகத்தை நீட்டி மோந்து பார்த்தேன். மூக்கில் சுரீர் என்று ஏறியது. உள்ளே, மின்னலுக்குச் சற்று முன் கொண்டுவந்து வைத்த மருந்துத் தட்டின் மேல் ஓர் ஈரச் சாக்கு கிடந்தது. சாக்கிலிருந்து லேசாக ஆவி வந்தது.

போர்மேன் வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன். அலுமினிய பவுடரும் வெடியுப்பும் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும், அமோனியா வாடை வரும், பிறகு பற்றும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்த வாடை என் மூக்குக்குத் தெரிந்தது அன்றுதான்.

"ஓடுங்க. எல்லா ரூமும் காலி பண்ணுங்க. கேட்டுக்கு ஓடுங்க."

அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே சேற்றில் நின்றோம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஒன்றும் இல்லை. தூறல் கூட நின்றுவிட்டது.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன போர்மேன், ஒரு பொம்பள மூத்திர வாடன்னு சொன்னதுக்கு கம்பெனியவே வெளிய நிறுத்தியிருக்கீக?"

"கொஞ்சம் பொறுங்க முதலாளி."

"எம்புட்டு நேரம்? லாரிக்காரரு கெளம்புறேங்காரு."

பதினைந்து நிமிஷம் ஆனது. லாரி டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். சொன்னால் வெட்கம், ஆனாலும் சொல்கிறேன். அந்த ரூம் வெடித்துவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டினேன். முப்பது வருஷம் எது நடக்கக்கூடாது என்று தூக்கம் கெட்டேனோ, அதையே வேண்டினேன். நான் முட்டாள் இல்லை என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. பிறகு அதுவும் பொறுக்காமல், "நானே போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்," என்று இரண்டடி வைத்தேன்.

பொன்னுத்தாய் என் சட்டையைப் பிடித்துவிட்டார். அவ்வளவு பேருக்கு முன்னால்.

"போகாதீக."

"விடு தாயி."

"போகக்கூடாது அண்ணாச்சி," என்றார். சட்டையை விடவில்லை.

நான் கையை விலக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது முப்பத்தொன்றாம் ரூம் போனது. வெள்ளையாக எழும்பியது. கூரை ஷீட் பனை உயரத்துக்குப் பறந்து காட்டுக்குள் விழுந்தது. முதலாளி குடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி எண்ண ஆரம்பித்தேன். தப்பாக எண்ணினேன், மறுபடி எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். ஒருவருக்கும் கீறல் கூட இல்லை.

5. யார் போட்ட சாக்கு

சாக்கைப் போட்டவன் முனியாண்டி. யாரும் கேட்காமலே வந்து சொன்னான்.

"நான்தான் அண்ணாச்சி போட்டேன். மின்னப் பொறி விழுந்துறக்கூடாதுன்னு நனச்சுப் போட்டேன்."

அவன் பூச்சட்டி மருந்து கலக்க வருவதற்கு முன் இருபது வருஷம் திரிப் பகுதியில், அலுமினியம் சேராத கரிமருந்தோடு இருந்தவன். கரிமருந்து நனைந்தால் செத்துவிடும். அங்கே தண்ணீர் காப்பாற்றும், அலுமினியத்தில் அதே தண்ணீர் கொன்றுவிடும். அவன் அக்கறையாகத்தான் செய்தான். அக்கறை இல்லாதவன் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருப்பான். அவனை நான் எப்படித் திட்டுவேன்? தரையை நனை, வாசல் சாக்கை நனை என்று காலையிலிருந்து மாலை வரை எல்லோர் காதிலும் ஓதியவன் நான். எதை நனைக்கக்கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அதை அப்படியே சொன்னேன். எழுதிக்கொண்டார்.

கம்பெனி மூடியிருந்த நாட்களில் முதலாளி கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை வைத்தார். "எல்லாம் உங்க ராசி," என்றார்.

"சொன்னது பொன்னுத்தாய். அர்ச்சனைய அந்த அம்மா பேருக்கு வைங்க," என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் ஆனைக்குட்டத்துக்கு வண்டியை விட்டேன்.

பொன்னுத்தாய் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. தினம் கேட்டில் சரளமாகச் சொன்னவன், அங்கே வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டு நின்றேன். கடைசியில், "எப்படி தாயி அம்புட்டு உறுதியா நின்னீக?" என்று மட்டும் கேட்டேன்.

ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"முந்தி வேற கம்பெனியில இருந்தேன் அண்ணாச்சி. அங்கனயும் ஒரு நா இதே வாட. என்ன வாடன்னு தெரியாது. அந்தப் போர்மேன் மொகத்த நிமுந்து பாத்ததில்ல, அவருகிட்டப் போயி மூத்திர வாடன்னு எப்படிச் சொல்ல? பக்கத்துல இருந்தவகிட்டச் சொன்னேன். 'பேசாம வேலயப் பாரு, வையப் போறாக'ன்னா. நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன். அவ உள்ள இருந்தா."

"யாரு?"

"என் தங்கச்சி."

"தங்கச்சி பேரு என்ன?" என்று கேட்டேன்.

"செல்வி," என்றார். "பேரக் கேட்டீக பாருங்க. எம்புட்டு வருசமோ ஆச்சு, யாரும் கேட்டதில்ல."

தினமும் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறேன் என்று மேலே பெருமையாக எழுதினேன். அப்படிப் பேசிய நான்கு வருஷத்திலும் எனக்கு இது தெரியாது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த தலையை எண்ணப் போய்விடுவேன், பதிலுக்கு நின்றதில்லை. அந்த அரைகுறைப் பேச்சுக்கே, ஒரு சோப்புக்கும் ஒரு பூச்சட்டிக்குமே, அந்த அம்மா அன்றைக்கு வாயைத் திறந்தார். செல்வியின் போர்மேன் என்னைவிடக் கெட்டவனாக இருந்திருக்க மாட்டான். அவனிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

தம்பிகளே, உங்கள் ஆட்களிடம் பேசுங்கள். பேசிவிட்டு, பதில் வரும்வரை கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு அந்தப் பொறுமை வர ஒரு ரூம் போக வேண்டியிருந்தது.