விசில் சத்தம் குறைந்த நாள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் பஸ்ஸை ஒன்பது வருஷம் ஓட்டினேன். அதில் ஏழு வருஷம் ஒரே கண்டக்டர். என்னைவிட ஆறு வயது சின்னவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் தம்பி என்பேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே டீக்கடையில் ஜிலேபி வாங்குவார்.

ஒரு ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலி, வறட்டு இருமல், அடித்துப்போட்டதுபோல உடம்பு வலி. அப்போது ஊரெங்கும் டெங்குப் பேச்சு. ரத்தம் கொடுத்துப் பார்த்தார். டெங்கு இல்லை என்று வந்ததும் இருவருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று மாலை நான்தான் போன் செய்தேன். மாற்றாக வந்த கண்டக்டருக்கு மலை நிறுத்தங்கள் தெரியவில்லை, எனக்கு அலுப்பாக இருந்தது.

“ஜுரம்தான் விட்டுடுச்சில்ல, நாளைக்கு வந்துடேன் தம்பி. ஒக்காந்துக்கினே டிக்கெட் போடலாம்.”

“வரேண்ணா,” என்றார்.

மறுநாள் கச்சிராயபாளையம் தாண்டும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுகிறவனுக்குக் கண்டக்டர் கண்ணில் படமாட்டார், காதில்தான் விழுவார். அவர் விசில் நீளமாக வந்து, கடைசியில் சற்று மேலே ஏறி நிற்கும். மலையேறத் தொடங்கியதும் அது பாதியிலேயே அறுந்தது. பிறகு விசிலே இல்லை, பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். விசிலில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

வெள்ளிமலையில் எல்லாரும் டீக்கு இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்திருந்தார்.

“இன்னா ஆச்சு தம்பி?”

“ஒண்ணுமில்ல... ண்ணா. குளுரு... தான்.”

இவ்வளவு சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். நெற்றி கொதித்தது. உதட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அந்தப் பனியில் யார் உதடும் நிறம் மாறும்தான். ஆனால் எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் உதடு அப்படி இல்லை.

கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையம்வரை எங்கும் நிறுத்தவில்லை. இறங்க வேண்டியவர்கள்கூட வாய் திறக்கவில்லை. நர்ஸ் அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்தார், உடனே ஆக்சிஜன் வைத்தார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அவரை ஏற்றி அனுப்பியபின், வேறு கண்டக்டர் வரும்வரை நானும் பயணிகளும் பஸ்ஸிலேயே காத்திருந்தோம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நான் பிடித்த அவர் கை குளிர்ந்தே இருந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் தொண்டையிலிருந்து சளி எடுத்துச் சோதித்துப் பன்றிக் காய்ச்சல் என்றார்கள்.

“நாங்க பன்னி வளர்க்கலியே, அந்தக் கறியும் தின்னதில்லியே, எப்பிடிங்க?” என்று கேட்டார் அவர் மனைவி.

“மனுஷங்க இருமல்லேருந்துதாம்மா மனுஷங்களுக்கு வருது,” என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “டெங்கு இல்லன்னதும் விட்டுட்டீங்க. இருமலோட ஜுரம் வந்து, விட்டு, திரும்ப ஏறினா, மூச்சு வாங்கினா, ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதுங்க. சர்க்கரை இருக்கறவங்க முதல் நாளே வந்துடணும்.”

நான் போன் செய்து கூப்பிட்டதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து எனக்குத் தொண்டை கரகரத்தது. மாலைக்குள் குளிர் எடுத்து, முட்டியெல்லாம் வலித்தது. இந்த முறை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகத்தில் மாஸ்க்கோடு போய் டாக்டரம்மா முன் நின்றேன். மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் தனி அறையில் படுத்து எழுந்தேன், அவ்வளவுதான்.

அவருக்கு அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் கிடந்தார். மலைக்குளிர் இனி ஆகாது என்று சொல்லிவிட்டதால் பஸ் ஸ்டாண்டிலேயே வேலை மாற்றிக் கொடுத்தார்கள்.

அவர் வீடு திரும்பிய வாரம் போய்ப் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

“நான் ஒன்ன கூப்புட்டிருக்கக் கூடாது தம்பி,” என்றேன்.

“நீங்க கூப்புடலன்னாலும் வந்திருப்பேண்ணா. வூட்ல படுத்துக்கினு இன்னா பண்றது?”

எனக்காகச் சொன்னாரா, நிஜமா, தெரியவில்லை. கஞ்சி டம்ளரை அவர் கையில் கொடுத்தபடியே அவர் மனைவி சொன்னார்:

“ரெண்டு பேர் மேலயும் தப்புதாங்க.”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது.