முப்பத்தொன்பது முறை இறந்தவர்

1. போன ஞாயிறு மதியம், நானும் மாமியும் டிவியில் பழைய கௌபாய் தொடர் பார்த்தோம்.

2. ‘எங்கட ஆள்’ வந்தார். இந்த முறை சலூன் என்கிற மதுக்கடையின் முதலாளி வேடம்.

3. பதினோராவது நிமிடம் சுடப்பட்டு இறந்தார்.

4. “இந்தாள் இப்ப எங்க இருக்கிறாரோ?” என்றார் மாமி.

5. எனக்குப் பதில் தெரியும். “தெரியல மாமி” என்றேன்.

மாமி என் கணவரின் அம்மா. யாழ்ப்பாணம். நான் மதுரை. கல்யாணமாகி வெளிநாட்டுக்கு, இந்த ஹில்ஸ்பரோ வீட்டுக்கு வந்த புதிதில் எங்களுக்குள் பேச என்ன இருந்தது? அவர் ‘ஓம்’ என்பார், நான் ‘ஆமா’ என்பேன். அத்துடன் உரையாடல் முடிந்துவிடும்.

ஒரு மழை நாளில் டிவியைக் காட்டி மாமி கேட்டார்: “இவன் போன கிழமை செத்தவன் எல்லோ?”

அதே ஆள்தான்! வேறு தொடர், வேறு மீசை. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர்... உடனே லேப்டாப்பில் ஒரு ஷீட் திறந்தேன். வேடம், இறந்த நிமிடம், காரணம். குதிரைத் திருடன், குடிகார டாக்டர், துணை ஷெரிஃப் — வரிசையாகப் பதிந்தோம்.

அவர் ஒருமுறைகூட ஹீரோ ஆனதில்லை. ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டுமே, அதற்காகச் சுடப்படுவார். ஆனால் விழும்போதும் தொப்பியைக் கசங்க விடமாட்டார்.

“வாடகைத் தொப்பி போல” என்பார் மாமி.

ஹீரோவை உலகமே ஞாபகம் வைத்திருக்கும். இவருக்கு எங்கள் சோபாதான்.

போன மாதம் ஆர்வம் தாங்காமல் இணையத்தில் தேடிவிட்டேன். தேடியிருக்கக் கூடாது. இதைச் சொன்னால் மாமி இனி பார்ப்பாரா? மறுபடியும் ‘ஓம்’, ‘ஆமா’தானா?

ஞாயிறன்று மாமி கேட்டது உறுத்த, மறுநாள் திங்கட்கிழமை டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன்.

“மாமி, அவர் இறந்துட்டார்.”

“எப்ப?”

“நான் பொறக்கறதுக்கு முன்னாடியே.”

“உமக்கு எப்ப தெரியும்?”

“போன மாசம்...”

“ஒரு மாசமா ஒளிச்சு வைச்சிருந்தனீரோ? நல்ல கள்ளி!”

கப்பைக் கீழே வைத்தார்.

“முப்பத்தொன்பது தரம் செத்து எழும்பின மனுசன், பிள்ளை. உம்மட ஃபோன் சொன்னவுடன நான் நம்போணுமோ?”

“அப்போ ஷீட்ல போட வேண்டாமா?”

“வேண்டாம். நாங்கள் பார்த்த சாவை மட்டும் எழுதினால் போதும்.”



இன்றைய நிலவரம்: ஷீட்டில் முப்பத்தொன்பது வரிகள். நாற்பதாவது காலியாக இருக்கிறது.