வாசித்துக் காட்டியவள்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கையில் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள்.

இந்தியாவுக்குப் போன அண்ணன் தன் ஆர்மோனியத்தை என்னிடம் விட்டுப் போயிருந்தார். வாசிக்க ஆசை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நுவரெலியாவில் ஒரு கடைக்காரர், ஆசிரியர் இல்லாமலே கற்கலாம் என்று ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டார். படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். புத்தகத்தைக் காட்டியதும் சிரிக்கவில்லை. ஆர்மோனியக் கட்டைகளில் எண் எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்த கையோடு வந்து உட்கார்ந்து புத்தகத்தை வாசித்துச் சொல்வாள்.

"மூணாம் விரல அஞ்சாங் கட்டையில வையி புள்ள. அவசரப்படாத, இன்னொருக்கா வாசிக்கிறேன்."

புரியாத வரியை நாலு தடவை படிப்பாள். பாதிப் புத்தகம் முடிய ஒரு வருஷமாயிற்று.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில், பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவருக்குக் காய்ச்சல். என்னைக் கூப்பிட்டார்கள். பயந்து பயந்துதான் வாசித்தேன், தப்பு வரவில்லை. முடிந்ததும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் கேட்டார்.

"யாருகிட்டம்மா படிச்ச?"

"யாருகிட்டயும் இல்லீங்க. நானே புத்தகத்தப் பாத்துப் படிச்சுக்கிட்டேன்."

"அட, உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமா?"

"தெரியுங்க."

திரும்பினால், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மலையில் பக்கத்து நிரையில் நின்று பறித்தோம், பேச்சில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரும், வீம்பு தடுக்கும். நாளைக்குக் கேட்கலாம் என்று இரண்டு மாதம் ஓட்டினேன்.

பிறகுதான், அவள் புருஷன் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார், குடும்பத்தோடு இந்தியா போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புறப்படுவதற்கு முந்தின நாள் போனேன். காம்பரா நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னால் பொய் சொன்ன எனக்கு, அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"போயிட்டு வா புள்ள" என்றேன்.

அவள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னாள்: "மிச்சப் பாடத்த யாரையாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்க. பாதியில விட்டுறாத."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. வந்திருந்தாலும் வாசித்துச் சொல்ல அவள்தான் வேண்டியிருந்திருக்கும். மிச்சப் பாடங்களை நான் யாரிடமும் கேட்கவில்லை.

எனக்கு வாசிக்கத் தெரியாது, ஒருத்திதான் வாசித்துக் காட்டினாள் என்று இன்றைக்கு யாரிடமும் கூசாமல் சொல்கிறேன். அதைக் கேட்க வேண்டியவள் ஒருத்திதான், அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.