அண்ணன் காதால் பார்த்து எடுத்த ஹார்டு டிஸ்க்

என் அண்ணனுக்குப் பட்டப்பெயர் ‘காது’. பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்தார். எஞ்சினைத் திறக்காமலே, ஓடும் சத்தத்தை வைத்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். இப்போது சர்க்கரை வியாதியில் கண் மங்கிவிட்டது. காதை மட்டும் ஆண்டவன் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். அதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

அண்ணி காலமான பிறகு நான்தான் அவரோடு இருக்கிறேன். முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. எழுத்துக் கட்டைகளும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், டிவியோடு சேர்த்துவிட வேண்டும். அண்ணன் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அண்ணன் மூக்கு திரையில் முட்டக் குனிந்து அதில் மெட்டுப் போடுவார். வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்கு அந்த மெட்டைப் போனில் கேட்டால்தான் தூக்கம் வரும். தாத்தாவை அவள் நேரில் பார்த்ததில்லை. அவளுக்குத் தாத்தா என்றால் அந்த மெட்டுதான்.

அவளுடைய மூன்றாவது பிறந்தநாளுக்குப் புது மெட்டு பாதி முடிந்திருந்த நேரத்தில், எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க் இழுத்துக்கொண்டு கிடந்தது. பத்து நாள்கூடத் தாங்காது என்று அண்ணன் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார். அவருக்கு முழங்கால் வலி. அதனால் கம்ப்யூட்டர் கடைக்கு நான் போனேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். புது டிஸ்க் மிகப் பெரியதாம், எங்கள் மிஷின் அதைக் கண்டுகொள்ளவே செய்யாதாம். வேறு மிஷின்களில் கழற்றிய பழைய டிஸ்க்குகள் மூன்று இருந்தன. அவை இல்லையென்றால் விரல்நகம் போல ஒரு கார்டு. சுற்றுவது எதுவும் இல்லை, சத்தமும் இல்லை.

“சத்தமே வராதா?” என்று இரண்டு தடவை கேட்டேன். காலையில் அதே அறையில்தான் நான் கண்ணை மூடி உட்காருவேன். அந்த டிஸ்க்கின் கரகரப்பு என் பிரார்த்தனைக்குள் புகுந்துவிடும். கார்டே இருக்கட்டும் என்றேன். பழைய மெட்டுகளை அதில் ஏற்றி, மாட்டியும் கொடுத்தார்கள்.

நாலு நாளில் அண்ணன் புது மெட்டை முடித்தார். சேமிக்கும் கட்டையைத் தட்டிவிட்டு மிஷினை அணைத்தார். மறுபடி போட்டால் மெட்டைக் காணோம், முன்பு போட்டிருந்த பாதியும் அதோடு போய்விட்டது.

கடைக்காரரைப் போனில் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த மிஷின் எழுதி முடிக்க இரண்டு மூன்று விநாடி எடுக்கும். எழுதும்போது சின்ன விளக்கு எரியும். அண்ணன் கண்ணுக்கு அந்த விளக்கு தெரியாது. கரகரவென்று சத்தம் வந்து நின்ற பிறகு அணைப்பதுதான் அவர் வழக்கம். சத்தம் இல்லாததால் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அணைத்த பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணே, அந்தக் கார்டை உங்களுக்காகப் பாத்து எடுக்கல. சாமி கும்பிடறப்ப சத்தம் தொந்தரவா இருக்குன்னு எடுத்தேன்.”

“அந்தச் சத்தத்துல நீ சொல்றது சாமிக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?” என்று கேட்டு, மெட்டு போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாள் வலியோடு அவரே கடைக்கு வந்தார். மூன்று பழைய டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக ஓடவிடச் சொன்னார். ஸ்க்ரூடிரைவர் நுனியை டிஸ்க்கின் மேலே வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார். பணிமனையில் எஞ்சினுக்கு அப்படித்தான் செய்வாராம். முதலாவதற்கு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதைத் தொட்டதுமே கையை எடுத்துவிட்டார். மூன்றாவது ஓடியபோது பக்கத்துக் கடையிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார்.

“ஐயா, இருக்கிறதுலேயே இதுதான் ரொம்பக் கத்துது,” என்றார் கடைக்காரர்.

“கத்தட்டும் தம்பி. ஒரே சீரா கத்துது பாருங்க. உடம்பு நல்லாருக்கு.”

அதையே வாங்கினோம். ஒரு பிரதி இருக்கட்டும் என்று கார்டையும் வைத்துக்கொண்டோம்.

மெட்டை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. பிறந்தநாள் காலையில் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மெட்டைச் சேமிக்க, கரகரவென்று அறையே அதிர்ந்தது. குழந்தைக்காக வேண்டிக்கொண்டே, சத்தம் எப்போது நிற்கும் என்று காத்திருந்தேன். நின்றது.

“நின்னுடுச்சு அண்ணே.”

“எனக்குத் தெரியாதா? நீ உன் வேலையப் பாரு,” என்றார். அதன் பிறகுதான் அணைக்கும் சத்தம் கேட்டது.