ஆழியனின் இடது கால்

பழைய பல் துலக்கி ஒன்றின் நாரைப் பாதியாகக் கத்தரித்து, சோப்பு நுரையில் தோய்த்து, ஒரு ராட்சதனின் இடது இடுப்புக் குழியைத் தேய்க்கிறார் ஒடேரா. அந்தக் குழியில் கால் கிடையாது. ஒன்பது வருடமாகக் கிடையாது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அவருக்கு அதுதான் முதல் வேலை. "ஒருத்தன் வந்து நிக்கப்போற எடம். அழுக்கா வெச்சிருக்கலாமா?" என்பார். குழியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், ஊதுவார், மறுபடி தேய்ப்பார். அதற்குப் பிறகுதான் ஊராரின் பல்செட்டுகள்.

ஏரிக்கரை ஊரான கிசுமுவில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது அந்தப் பல் ஆஸ்பத்திரி. ஒரே அறை. நடுவில் இடுப்பளவுக்குப் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் டாக்டரின் நாற்காலி, அந்தப் பக்கம் ஒடேராவின் மேஜை. மெழுகு, ஸ்பிரிட் விளக்கு, பிளாஸ்டர் மூட்டை. சுவரலமாரியில் வெள்ளை வெள்ளையாகத் தாடைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஆள் பெயர். இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்கிறார். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள், ஒடேரா இருப்பார்.

அவருக்கு முகம் நினைவில் நிற்பதில்லை. அவர் குடும்பமும் நானும் ஆறு வருடம் ஒரே வளாகத்தில் குடியிருந்தோம். இன்றும் நான் சிரித்தால்தான் "ஓ, டீச்சரா" என்கிறார். என் மேல்வரிசையில் இரண்டு பல் அவர் கைவேலை. ஒருமுறை சாவு வீட்டில், பெரிய மனிதர் ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒடேரா என் பக்கம் குனிந்து, "முன்னாடி நாலும் நம்மளுது. அழுதாலும் கழண்டு வரல, பாத்தீங்களா?" என்றார்.

பல்லுக்கு அடுத்தபடி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படம்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மழை பெய்த ஒரு சனிக்கிழமை, சந்தையடி வீடியோ கொட்டகையில் பார்த்தார். பறக்கிற வீரர்கள், மின்னல் பெண், நெருப்பு உமிழும் கழுகுமனிதன் என்று எல்லாரும் இருந்தார்கள். ஒடேராவுக்குப் பிடித்தது ஆழியன். கடலடியிலிருந்து ஊரை அழிக்க வருகிறவன், கடைசியில் உடைகிற அணைக்கு முதுகைக் கொடுத்து நிற்பான்; ஊர் தப்பித்து ஓடும். "சண்ட போடத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு. நிக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்" என்பது ஒடேராவின் விமரிசனம். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்த்தார்.

படத்துக்குப் பொம்மை போட்ட கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். ஆறு பாத்திரங்களை ஆறு பெட்டியில் விற்றான். ஆழியனைத் தனியாக விற்கவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் அவன் உடம்பில் ஒரு பாகம்: ஒன்றில் தலை, ஒன்றில் மார்பு, ஒன்றில் கை. ஆறு பெட்டியும் வாங்கியவனுக்குத்தான் முழு ஆழியன். கிசுமுக் கடைகளுக்கு அந்தப் பெட்டிகள் வந்ததே இல்லை. இங்கே வருவது வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடிக் கழித்துப்போட்ட பொம்மைகள், மூட்டை மூட்டையாக. செவ்வாய்க்கிழமை லாரியில் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கிபுயே சந்தையில் பழஞ்சாமான் விற்கும் சிப்ரோஸா தார்ப்பாயில் கொட்டி வைப்பாள். ஒடேரா முழங்காலிட்டுத் துழாவுவார். அப்படித்தான் தலை கிடைத்தது. பிறகு நாய் கடித்த வலது கை. மூன்றே வருடத்தில் ஐந்து பாகம் சேர்ந்துவிட்டது.

இடது கால் மட்டும் வரவில்லை. அது சமையல்காரியின் பெட்டியில் இருப்பது. படத்தில் அவள் நாலு நிமிடம் வருவாள், ராட்சதன்மேல் அகப்பையை வீசுவாள், போய்விடுவாள். எந்தப் பிள்ளை சமையல்காரிப் பொம்மை கேட்டு அழும்? கம்பெனிக்காரன் குறைவாகவே செய்தான். யாரும் விரும்பாததால் குறைந்துபோன பொம்மை, குறைந்துபோனதால் இப்போது எல்லாரும் தேடுகிற பொம்மை.

ஆழியனை வீட்டில் வைக்க இடமில்லை. மீன் குழம்பில் ஒருமுறை தலைகுப்புற விழுந்ததிலிருந்து பெர்ப்பெத்துவா, ஒடேராவின் மனைவி, அவனை ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிட்டாள். அங்கே தாடைகளுக்கு நடுவில் நிற்கிறான், ஒன்பது அங்குல உயரம், சாம்பல் நிறம். இடது காலுக்குப் பதிலாக ஒரு டப்பா. அது பெர்ப்பெத்துவா மந்தாசிப் பணியார மாவில் போடும் சோடா உப்பு டப்பா. கேட்காமல் எடுத்து வந்தது. என்னைக் காணும்போதெல்லாம், "டீச்சர், அந்த மொண்டிப் பயகிட்ட சொல்லுங்க, என் டப்பா வேணும்னு" என்பாள். மொண்டிப் பயல் ஆழியனா, தன் கணவரா என்று அவள் சொன்னதில்லை.

டப்பாக்கால் நிலையான கால் அல்ல. ஆஸ்பத்திரிக் கதவு ஏரிக் காற்றில் உப்பிப்போனது. அறைந்து சாத்தினால்தான் சாத்தும். யார் அறைந்தாலும் ஆழியன் விழுவான். "மெல்ல!" என்று ஒடேரா கத்துவார், எடுத்து நிறுத்துவார். அவர் ஒருவர்தான் கைப்பிடியைத் தூக்கி, தோளால் ஏந்தி, தொட்டில் குழந்தையைக் கடப்பதுபோல் சத்தமில்லாமல் சாத்துவார்.

ஊரே ஒரு கேள்வி கேட்டது. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற மனிதர், ஒரு கால் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? வலது காலைப் பார்த்து மெழுகில் பிடித்தால் ஒரு பிற்பகல் வேலை. நானும் கேட்டேன். ஒடேரா என்னைப் பார்க்காமல், என் பல்லைப் பார்த்துப் பதில் சொன்னார். "பல்லு போனவங்களுக்குப் பல்லு கட்டறேன் டீச்சர். போனது போனதுதான, திரும்பி வராது. இவனுக்குக் கால் போகல. எங்கயோ இருக்கு. இன்னும் வந்து சேரல, அவ்வளவுதான்."

இப்போதைய டாக்டர் முரியுகி. நைரோபிக்காரர், முப்பது வயது. அவரும் அதே படத்தின் பைத்தியம் என்று தெரிந்த நாளில் ஒடேரா இரண்டு பேருக்கும் பொரித்த மீன் வாங்கிவந்தார். மீன் முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது. டாக்டர் சேர்ப்பது பிரிக்காத பெட்டி. ஒரே பாத்திரம் இரண்டு மூன்றாகப் பதினொன்று வைத்திருக்கிறார், வீட்டுச் சுவரில் வரிசையாக, வெயில் படாமல் திரை போட்டு. ஒன்றையும் திறந்ததில்லை. "பிரிச்சா அது வெறும் பொம்மைண்ணே. பிரிக்காதவரைக்கும்தான் பொக்கிஷம்" என்பார். "உள்ள இருக்கறவனுக்கு மூச்சு முட்டாதா டாக்டரே?" என்பார் ஒடேரா. வேலை நேரம் முழுக்கத் தடுப்புக்கு மேலே இதுதான் பேச்சு. அவரிடமும் சமையல்காரி மட்டும் கிடையாது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் டாக்டரின் நாற்காலியில் இருந்தேன். டாக்டர் பல் அச்சு எடுக்க இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து, தட்டில் அப்பி, என் மேல்வாய்க்குள் திணித்து, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். "மூணு நிமிஷம் டீச்சர். அசையாதீங்க, பேசாதீங்க." மாவு இறுகும்வரை அவரும் கையை எடுக்க முடியாது, எடுத்தால் அச்சு கெட்டுவிடும்.

கதவு அறைந்தது. ஆழியன் விழுந்தான்.

"மெல்ல!" என்றார் ஒடேரா, திரும்பாமலே.

"மெல்லவா? மூட்டையப் பிரிச்ச கையோட மோட்டார் சைக்கிள்ல பறந்து வந்திருக்கேன்." சிப்ரோஸா. மூச்சு வாங்கியது. "அண்ணே, உன் ஒத்தக்காலன எடுத்து நிமுத்து. பொண்ணு வந்திருக்கா."

மேல்துணிக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தடுப்பின்மேல் வைத்தாள். ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் மூடிக்குள் அகப்பையோடு சமையல்காரி. அவளுக்குப் பக்கத்துக் குழியில், சாம்பல் நிறத்தில், ஒரு இடது கால்.

ஒடேரா தொடவில்லை. கையை மேலங்கியில் துடைத்தார். பிறகு இன்னொரு தடவை துடைத்தார். "மூட்டையில எங்க இருந்தா?"

"அடியில. எவளோ ஒரு அத்தக்காரி பொறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்திருப்பா. அந்தப் புள்ள திரும்பிக்கூடப் பாக்கல போல."

டாக்டர் எட்டிப் பார்த்தார். கையோடு என் தலையும் கூடவே போனது. "அண்ணே, அது பிரிக்காததா?"

"பிரிக்காதது."

"நாலு பக்கமும் ஒட்டு அப்படியே இருக்கா?"

"இருக்கு."

"கத்தியக் கீழ வைங்க." ஒடேரா கத்தியை எடுத்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன், பிளாஸ்டர் செதுக்கும் சின்னக் கத்தி. "அண்ணே, சொன்னாக் கேளுங்க. இந்த நாட்டுலயே இன்னொண்ணு இருக்காது. எங்கிட்டக் குடுங்க. என் பதினொண்ணையும் எடுத்துக்கோங்க. சத்தியமா. இன்னிக்கே கொண்டாந்து தர்றேன்."

"பதினொண்ணுல கால் இருக்கா?"

"அது இல்ல..."

"டாக்டர் நாளைக்குக் கல்யாணம் பண்ணினாலும் பொண்ண ஒறையோடதான் வெச்சிருப்பாரு" என்றாள் சிப்ரோஸா. எனக்குச் சிரிப்பு முட்டியது. மூக்கால் மூச்சு விட்டுச் சமாளித்தேன். "டீச்சர்!" என்று டாக்டர் விரலை அழுத்தினார்.

ஒடேரா கத்தியைக் கீழே வைத்தார்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார். ஒடேரா குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார், விரல் விரலாகத் துவட்டினார், பெரிய அறுவை வைத்தியர்போல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பு.

"ஐயோ" என்றார் டாக்டர்.

முதலில் சமையல்காரியை எடுத்து, பின்னால் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து, அகப்பையை நேராக்கி, யாருடைய கீழ்த்தாடைக்கோ பக்கத்தில் நிறுத்தினார். பிறகு காலை எடுத்தார். விழுந்து கிடந்த ஆழியனை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டார். ஒன்பது வருடமாகத் தேய்த்த குழியில் ஒரு தூசு இல்லை. எண்ணெய் வேண்டியிருக்கவில்லை, சூடு காட்ட வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு அழுத்து. டொக்.

அலமாரியில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். கடைசி விரலும் விலகியது.

சிப்ரோஸா குலவையிட்டாள். வெளியே ரொட்டி விற்கிறவள், என்ன ஏது என்று தெரியாமலே, தெருவிலிருந்து பதில் குலவை கொடுத்தாள். எதிர்த்த சைக்கிள் கடைக்காரன் மணியை அடித்தான். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மாவு கல்லாக இறுகிவிட்டதும் ஒரு காரணம். மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது, டாக்டர் கையை எடுக்கவில்லை. அவர் என் வாயை மறந்துவிட்டார். தடுப்புக்கு மேலே ஆழியனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே." குரல் சின்னப் பிள்ளையுடையதுபோல் இருந்தது. "முட்டி மடங்குமா?"

ஒடேரா பெர்ப்பெத்துவாவின் டப்பாவை எடுத்தார். மூடியை ஊதி, மேலங்கியில் துடைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசலைத் தாண்டி வெளியே போனார். கைப்பிடியைத் தூக்கவில்லை, தோளும் கொடுக்கவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்துக் கதவை அறைந்தார்.

தாடைகள் எல்லாம் கடகடவென்று ஆடின. யாருடையதோ ஒரு முன்பல் உருண்டு தரையில் விழுந்தது. சமையல்காரி மல்லாந்தாள்.

ஆழியன் நின்றான்.