கன்னியப்பன் விட்டுக்கொடுத்த கயிறு

மழைத்தண்ணீர் முழங்கால்வரை நிற்க, ராயபுரம் ரயில் நிலையத்து வாசலில் ஒதுங்கியிருந்தேன். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் பழைய தூணைத் தட்டிக்கொடுத்தார். "வெள்ளக்காரன் கட்னது, சார். எப்டி நிக்குது பாரு. அவனே இருந்திருந்தா நமக்கு இந்த பேஜாரு கீதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லைச் சுமந்தவன் யார், அது யார் வீட்டுக் காசு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அங்கே ஒதுங்கியிருந்த பூக்காரியின் கூடையில் நனைந்த சாமந்தி வாசம் வந்து என்னைத் துறைமுகத்துக்கு இழுத்துப் போய்விட்டது.

எண்பதுகளில் அங்கே நான் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். மீசை சரியாக முளைக்குமுன் அதிகாரம் முளைத்துவிட்ட வயது. ஆகஸ்டு பதினைந்தன்று சரக்கு இறக்கும் ஆட்களே கேட்டுக்குப் பக்கத்தில் கொடியேற்றுவார்கள். பெரிய மனிதர் யாரையும் கூப்பிடமாட்டார்கள். அந்த வருஷத்தில் வேலையில் அடிபட்டுத் தேறி வந்தவர்தான் கயிற்றை இழுக்கவேண்டும். அந்த முறை கன்னியப்பன். கிரேன் சங்கிலியில் கை நசுங்கி மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

கப்பலிலிருந்து இறங்கிய மாலுமி ஒருவன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நமீபியாக்காரன். அவன் பேசியதை என் ஓட்டை இங்கிலீஷை வைத்து எல்லோருக்கும் சொன்னேன். அவன் நாடு இன்னும் தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரனுக்கு அடிமை நாடு. இந்தியா விடுபட்ட சேதி வந்த அன்றுதான், வெள்ளைக்காரனைப் போகவைக்க முடியும் என்பதே அவன் அப்பாவுக்குத் தெரிந்ததாம்.

கன்னியப்பன் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டார். சூபர்வைசர் பாய்ந்து வந்தார். "எவனோ ஒரு ஆளு நம்ம கொடிய ஏத்தறதா?"

"என் கை ஆறிப்போச்சு சார். அவனுக்கு இன்னும் ஆறல. அவன்தான் இஸ்க்கணும்" என்றார் கன்னியப்பன்.

அவன் இழுத்தான். சாமந்தி கொட்டியது. எல்லோரும் மிட்டாய்க்கு ஓட, அவன் மட்டும் குனிந்து இதழ்களைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எங்கள் கொடியில் வைத்துக் கட்டுவேன் என்றான்.

சில வருஷம் கழித்து நமீபியா விடுதலையானதை ரேடியோவில் கேட்டேன். அவன் இருந்தானோ, இதழ்கள் இருந்தனவோ தெரியாது. இங்கே துறைமுகத்தில் இப்போது அந்தக் கேட் இல்லை, மூட்டை இல்லை, அந்த ஆட்களும் இல்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. கன்னியப்பன் மூலக்கொத்தளம் இடுகாட்டு மண்ணுக்குள் போய்விட்டார்.

அதெல்லாம் போகட்டும். வெள்ளைக்காரனே இருந்திருந்தால் என்று அன்றைக்கு எவனாவது அவர் காதுபடச் சொல்லியிருப்பானா, நீங்களே சொல்லுங்கள். இன்றைக்கு ஆட்டோக்காரர் சத்தமாகச் சொன்னார். மழைக்கு ஒதுங்கியிருந்த எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.